தண்ணீர்த் துறையில் காத்திருப்பவர்

தியானப் பகுதி: யோவான் 4:1–30, சங்கீதம் 22



அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. மருதையாறு மணலாய்க் கிடக்கிறது. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே உள்ள ஏரிகள் பலவற்றில் தரை பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. இந்நாட்களில் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஆண்டுதோறும் தவறாமல் வரும் செய்தி ஒன்று உண்டு. வேப்பந்தட்டை, இரஞ்சன்குடி பக்கத்துக் காப்புக்காடுகளிலிருந்து தண்ணீர் தேடி வெளியே வந்த புள்ளிமான், திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் வாகனம் மோதி இறந்தது என்பார்கள். நாய்கள் துரத்திக் கடித்தன என்பார்கள். சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றில் விழுந்ததைத் தீயணைப்பு வீரர்கள் கயிறு கட்டி மீட்டனர் என்பார்கள். நாம் படித்துவிட்டு, "பாவம்" என்று சொல்லி அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

மான் மிகுந்த எச்சரிக்கையுள்ள பிராணி. சருகு அசைந்தால் காதை நிமிர்த்தும். காற்றில் மனித வாடை வந்தால் முன்னங்காலால் தரையைத் தட்டிக் கூட்டத்தை எச்சரிக்கும். அப்படிப்பட்ட மான் நெடுஞ்சாலையின் விளக்கொளிக்குள் வந்து நிற்கிறதென்றால், அதன் எச்சரிக்கையை விடப் பெரிதாகிய ஒன்று அதனை இழுத்து வந்திருக்கிறது. அதன் பெயர் தாகம். நீரோடைக்காக ஏங்கும் மானைத் தன் ஆத்துமாவுக்கு உவமையாக்கிய நாற்பத்திரண்டாம் சங்கீதத்தை நாம் இனிமையாகப் பாடுகிறோம். ஆனால் தண்ணீருக்குப் போகும் வழியே மானுக்கு மிகவும் ஆபத்தான வழி என்பதை நாம் நினைப்பதில்லை. வேட்டைக்காரன் அதை நன்றாக அறிந்திருக்கிறான்.

நமது முன்னோரும் அறிந்திருந்தார்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் எயினர் என்னும் வேடரின் வாழ்க்கை விரிவாகச் சொல்லப்படுகிறது. மழை பொய்த்த காலத்தில், மான்களின் குளம்புச் சுவடு பதிந்த வழியருகே குழி தோண்டி, அதனுள்ளே உடலை ஒடுக்கிக்கொண்டு, நீருக்காக நடு இரவில் வரப்போகும் காட்டுப்பன்றியை எதிர்பார்த்து வேடர் காத்திருப்பர். அவர்களுடைய குடிசை முற்றத்தில், விளாமரத்தின் நிழலில், பழக்கப்பட்ட ஒரு விலங்கு கட்டப்பட்டிருக்கும். 'பார்வை' என்பது அதன் பெயர். தன் இனத்தைக் கண்டு நம்பி வரும் பிற விலங்குகளை வலைக்குள் இழுப்பதற்காகவே அது வளர்க்கப்பட்டது.

இன்றும் இம்முறை உலகத்தில் மறைந்துவிடவில்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில், அரசு உரிமம் பெற்று, குறிக்கப்பட்ட பருவத்தில் வில்லும் அம்பும் கொண்டு மான் வேட்டையாடுவோர் இருக்கின்றனர். அவர்களில் பலர் தரையில் சிறு கூடாரம் போன்ற மறைப்பிடம் ஒன்றை அமைக்கிறார்கள். வெளியே இலைதழையின் நிறம். உள்ளே அசைவு தெரியாதிருக்கக் கறுப்புத் துணி. அம்பு செல்வதற்கு ஒரு சிறு திறப்பு. மான்களின் கண் அதற்குப் பழகும்படி சில நாட்களுக்கு முன்னரே அதை நிறுத்திவிடுவார்கள். தங்கள் வாடை மானை எட்டாதபடி காற்றின் திசை பார்த்து அமர்வார்கள். விடியலுக்கு முன்னும் அந்தி நேரத்திலும் மணிக்கணக்கில் அசையாமல் இருப்பார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? துப்பாக்கிக் குண்டு வெகு தூரம் பாயும். தொலைவில் நின்றே சுடலாம். அம்பின் நிலை வேறு. பெரும்பாலும் முப்பது மீட்டருக்குள் மான் வந்தாலொழிய அதை நம்பி எய்ய முடியாது. ஆகவே வில்லுக்கு நெருக்கம் வேண்டும். மானை நெருங்கிச் செல்ல மனிதனால் இயலாது. மான் தானாகவே தன்னிடம் வரக்கூடிய இடத்தை அவன் தெரிந்துகொள்ள வேண்டும். எந்த வழியில் வரும், எந்த வேளையில் வரும், எதற்காக வரும் என்னும் மூன்றையும் அறிந்தவன் அதை ஓடித் துரத்த வேண்டியதில்லை. உட்கார்ந்திருந்தால் போதும்.

நம் நாட்டில் வேட்டை சட்டத்தால் தடுக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சட்டத்தின் வரலாற்றில் என் மனத்தைத் தொட்ட செய்தி ஒன்று உண்டு. 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டபோது, வேட்டை முற்றிலும் ஒழிக்கப்படவில்லை. சில விலங்குகளை உரிமம் பெற்று வேட்டையாட இடம் இருந்தது. ஆனால் உரிமம் பெற்றவனுக்கும் அதன் பதினேழாம் பிரிவு சில எல்லைகளை வகுத்தது. இரவில் வேட்டையாடக் கூடாது. உப்பு நக்க விலங்குகள் வரும் இடத்திலும், நீர்நிலையிலும், நீருண்ணும் துறைக்குச் செல்லும் வழியிலும் வேட்டையாடக் கூடாது. நீர்ப்பறவை போன்ற சிலவற்றுக்கு மட்டும் இதில் விலக்கு இருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு அந்த உரிம முறையே நீங்கி, வேட்டைத் தடை முழுமையாயிற்று.

கொல்வதற்கு அனுமதி கொடுத்த சட்டமே, தண்ணீர்த் துறையில் கொல்லாதே என்றது. காட்டில் மானுக்கு ஓடுவதற்குக் கால்கள் உண்டு, மோப்பம் உண்டு, கூட்டம் உண்டு; அங்கே வேட்டைக்காரனும் மானும் ஓரளவு எதிர்நிற்கிறார்கள். தண்ணீர்த் துறையில் மானுக்கு வேறு வழி இல்லை. குடிக்காமல் அது உயிர்வாழ முடியாது. ஆகவே அங்கே அதை வீழ்த்துகிறவன், அதன் தாகத்தையே கண்ணியாக்குகிறான்.

பிரியமானவர்களே, வேட்டை என்றவுடன் நம்மில் சிலருடைய விரல் நம் மாவட்டத்தில் குடியிருக்கும் நரிக்குறவ மக்களை நோக்கி நீளும். பசிக்காக வேட்டையாடி, பின்னர் பாசிமணி விற்றுப் பிழைத்து, 2023ஆம் ஆண்டிலேதான் பழங்குடியினர் பட்டியலில் இடம்பெற்ற மக்கள் அவர்கள். அவர்களை நோக்கி நீட்டும் விரலைச் சற்றே மடக்குவோம். வில்லும் வலையும் இல்லாமல் நடைபெறும் வேட்டை ஒன்று வேதத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

ஆதியாகமம் 25ஆம் அதிகாரத்தில் ஏசா தேர்ந்த வேட்டைக்காரன். மான்கள் வரும் வழியை அறிந்தவன். அவன் ஒருநாள் வெளியிலிருந்து களைத்து, உயிர் சோர்ந்து வருகிறான். கூடாரத்தில் யாக்கோபு சிவப்பான கூழைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறான். தம்பிக்கு அண்ணனின் வழி தெரியும், வேளை தெரியும், பசியும் தெரியும். ஒரு கிண்ணக் கூழுக்கு முன்பாக மூத்த மகனின் உரிமையை அவன் விலை பேசுகிறான். ஏசா தன் சேஷ்டபுத்திரபாகத்தை அலட்சியம் செய்தான் என்று வேதம் அவனைக் கண்டிக்கிறது, அது மெய். ஆயினும், அன்று அந்தக் கூடாரத்தில் வேட்டையாடப்பட்டவன் வேட்டைக்காரனே. காட்டில் எந்த விலங்கும் வீழ்த்தாத அவனை, அடுப்பருகே உடன்பிறந்தவன் வீழ்த்தினான். அம்புக்கு நெருக்கம் வேண்டும் என்றேனல்லவா? சத்துரு செய்திருந்தால் தாங்கியிருப்பேன், செய்தவன் என் தோழனாயிற்றே என்று ஐம்பத்தைந்தாம் சங்கீதத்தில் தாவீது புலம்புவதும் இதனாலேதான்.

நமது ஊர்களில் இத்தகைய மறைப்பிடங்கள் எத்தனை! சின்ன வெங்காயத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் விதை வாங்கப் பணம் வேண்டிய மாதம் எது என்று அறிந்து, அந்த மாதத்தில் வட்டியை உயர்த்துகிறவர் உண்டு. மகளுக்கு வயது ஏறுகிறது என்னும் தகப்பனின் கவலையை அறிந்து, நகையின் கணக்கைக் கூட்டுகிற சம்பந்தி வீட்டார் உண்டு. வேலை இல்லாத பிள்ளையின் ஏக்கத்தை அறிந்து, வெளிநாட்டு வேலை என்று சொல்லி முன்பணம் வாங்கி மறைகிறவர் உண்டு. இவர்களில் ஒருவரும் யாரையும் துரத்துவதில்லை. தாகமுள்ளவன் வருவான் என்று அறிந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

சபைக்குள்ளும் இது நேரிடக் கூடும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சகோதரி பல வாரங்களாக ஜெபக்கூட்டத்துக்கு வராதிருந்தார். அவரைச் சந்திக்கச் சென்றபோது பருத்திக் காட்டில் வேலையாயிருந்தார். வரப்பிலே உட்கார்ந்து பேசினோம். கணவரின் குடியைப் பற்றி ஒரு ஜெபக்கூட்டத்தில் கண்ணீரோடு விண்ணப்பம் சொல்லியிருக்கிறார். "ஐயா, நான் அங்கே சொன்னது, நான் வீடு போய்ச் சேருவதற்கு முன்னே தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இப்போது இங்கேயே, செடிகளுக்கு நடுவில் ஜெபித்துக்கொள்கிறேன். செடி யாரிடமும் சொல்லாது" என்றார். சிறிது நேரம் பேசாதிருந்து, பின்பு அவர் கேட்ட கேள்வியே என்னை அதிகமாக அசைத்தது. "கர்த்தரும் அப்படித்தானா ஐயா? நம்முடைய குறை எல்லாம் அவருக்குத் தெரியும் என்கிறீர்களே. தெரிந்துவைத்துக்கொண்டு, சமயம் பார்த்து அடிப்பாரோ?"

இந்தக் கேள்வியை அவபக்தி என்று சொல்லி நாம் தள்ளிவிடக் கூடாது. வேதமே இதற்கு இடங்கொடுத்திருக்கிறது. புலம்பல் மூன்றாம் அதிகாரத்தில், எருசலேமின் அழிவைக் கண்டவர், தேவன் தனக்குப் பதுங்கியிருக்கும் கரடியைப் போலவும் மறைவிடத்துச் சிங்கத்தைப் போலவும் ஆனார் என்கிறார். வில்லை வளைத்துத் தன்னை அம்புக்கு இலக்காக நிறுத்தினார் என்கிறார். யோபுவும் பதினாறாம் அதிகாரத்தில் இவ்வாறே கதறுகிறார். பிள்ளையை விபத்தில் இழந்த வீட்டிலும், அறுவடைக்கு முன் பயிர் கருகிய வீட்டிலும், இதே கேள்வி உதடு வரை வந்து, போதகருக்கு அஞ்சி உள்ளே திரும்பியிருக்கிறது என்பதை நான் அறிவேன். அதை வெளியே சொல்லுங்கள். தேவனிடத்திலேயே சொல்லுங்கள். புலம்பலை எழுதியவர் அப்படிச் சொன்ன பிறகுதான், அதே அதிகாரத்தில், கர்த்தருடைய கிருபை ஒவ்வொரு காலையும் புதிதாகிறது என்னும் இடத்துக்கு வந்து சேர்கிறார்.

அந்தச் சகோதரிக்கு அன்று நான் யோவான் நான்காம் அதிகாரத்தை வாசித்துக் காட்டினேன். அதுவும் ஒரு தண்ணீர்த் துறைதான். சீகார் ஊருக்கு அருகே யாக்கோபின் கிணறு. வெயில் உச்சியில் நிற்கும் ஆறாம் மணி வேளை. ஒரு ஸ்திரீ தனியே குடத்தோடு வருகிறாள். அவள் வரும் வழியையும் வேளையையும் அறிந்தவர் அங்கே இருக்கிறார். அவளுடைய ஐந்து கணவரைப் பற்றியும், இப்போது உள்ளவனைப் பற்றியும் அவருக்குத் தெரியும். வேட்டைக்காரன் அறிய வேண்டிய யாவற்றையும் இயேசு அறிந்திருக்கிறார்.

ஆனால் அவர் எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். கிணற்றின் அருகே, வெளியரங்கமாக, அவள் தூரத்திலிருந்தே காணும்படி உட்கார்ந்திருக்கிறார். மறைப்பு ஒன்றும் இல்லை. எப்படி இருக்கிறார்? பிரயாணத்தினால் இளைப்படைந்து, மொண்டுகொள்ள ஒரு பாத்திரமும் இல்லாமல் இருக்கிறார். முதலாவது என்ன செய்கிறார்? குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். தாகமுள்ள அவளுக்கு முன்பாகத் தாமும் தாகமுள்ளவராகத் தம்மைக் காண்பிக்கிறார். அவளைப் பற்றி அறிந்ததை ஊராரிடம் சொல்லாமல் அவளிடமே சொல்லுகிறார். சொன்ன பின்பும் அவளோடு பேச்சை நிறுத்தவில்லை. அவளோ தன் குடத்தை வைத்துவிட்டு ஊருக்குள் ஓடி, மற்றவர்களையும் அழைக்கிறாள். அம்பு பட்ட மான் தன் கூட்டத்தை அந்தத் துறைக்கு அழைத்து வராது. அங்கே அச்சமில்லாமல் தண்ணீர் குடித்தவளே ஊராரைக் கூட்டிக்கொண்டு வருவாள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டாம் சங்கீதத்தின் தலைப்பில் எபிரேயச் சொற்கள் இரண்டு நமது பழைய மொழிபெயர்ப்பில் ஒலிபெயர்ப்பாகவே நிற்கின்றன. ஆகவே நாம் அவற்றைக் கடந்துபோய்விடுகிறோம். அவற்றின் பொருள் 'விடியலின் பெண்மான்' என்பது. அது அக்காலத்து இராகம் ஒன்றின் பெயராக இருக்கலாம் என்பது அறிஞர் பலரின் கருத்து. அப்பெயரைத் தாங்கிய சங்கீதத்தின் உள்ளே பாருங்கள்: நாய்கள் சூழ்ந்துகொள்கின்றன; சிங்கம் வாயைத் திறக்கிறது; நாவு மேல்வாயோடு ஒட்டிக்கொள்கிறது. தாகத்தோடு வளைத்துக்கொள்ளப்பட்ட ஒரு ஜீவனின் ஓலம் அது. அந்தச் சங்கீதத்தின் முதல் வார்த்தைகளையே நம் ஆண்டவர் சிலுவையில் உரக்கக் கூப்பிட்டார். தம் தாகத்தையும் அங்கே வாய்விட்டுச் சொன்னார். அவருக்குக் காடி கொடுக்கப்பட்டது.

வில்லை வளைத்துக்கொண்டு தேவன் மறைப்பிடத்தில் இருக்கிறாரோ என்னும் கேள்விக்கு, எனக்குத் தெரிந்த பதில் இதுவே. அவரை மறைப்பிடத்தில் தேடாதீர்கள். தாகத்தோடு துறைக்கு வந்து வளைத்துக்கொள்ளப்பட்டவர்களின் பக்கத்தில் அவரைத் தேடுங்கள். நமக்கு நேரிடும் துன்பங்கள் அனைத்துக்கும் இது காரணம் சொல்லிவிடாது. ஆனால் நம்முடைய குறையை அறிந்தவர் அதை எதற்குப் பயன்படுத்துகிறார் என்பதைச் சொல்லிவிடுகிறது.

அவருடைய பிள்ளைகளாகிய நாம் பிறருடைய தாகத்தை அறியும்போது என்ன செய்ய வேண்டும்? மோசேயின் நியாயப்பிரமாணம் இதைக் கைக்கெட்டும் காரியங்களாகவே கற்பிக்கிறது. ஏழையின் மேலாடையை ஈடாக வாங்கினால், பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடு. அவன் எதைப் போர்த்துப் படுப்பான்? (யாத்திராகமம் 22) மாவரைக்கும் எந்திரக்கல்லை அடகாக வாங்காதே. அது அவன் ஜீவனம் (உபாகமம் 24). குழி வெட்டி மூடாமல் விட்டதில் பிறனுடைய மாடு விழுந்தால், குழிக்கு உடையவனே ஈடு செய்யக்கடவன் (யாத்திராகமம் 21). கடன் கொடுக்கலாம், ஈடும் வாங்கலாம். ஆனால் அவனுடைய தண்ணீர்த் துறையில் கைவைக்காதே என்பதே இவற்றின் சாரம்.

நம் மாவட்டத்திலேயே இதற்கு ஓர் அழகிய அடையாளம் இருக்கிறது. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 1999ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயம் ஆயிற்று. 2024இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. பட்டைத்தலை வாத்து போன்ற பறவைகள் இமயத்துக்கு அப்பாலிருந்து வந்து அங்கே தங்குகின்றன. ஒரு காலத்தில் சட்டத்தின் விலக்குக்குள் அடங்கிய நீர்ப்பறவைகளுக்கு இன்று அந்தத் துறை அடைக்கலம். அங்கேயும் அசையாமல், ஓசையில்லாமல் அமர்ந்து பறவையின் வரவுக்காகக் காத்திருக்கிறவர்கள் உண்டு. அவர்கள் கையில் இருப்பது தொலைநோக்கி. காத்திருப்பு ஒன்றே, காத்திருக்கும் உள்ளம் வேறு.

வில்லுங்கூட அப்படியே. சாமுவேலின் முதலாம் புத்தகம் இருபதாம் அதிகாரத்தில், தாவீது வெளியிலே ஒளிந்திருக்கிற இடம் யோனத்தானுக்குத் தெரியும். அதைச் சவுலுக்குச் சொல்லியிருந்தால் ஒரே நாளில் காரியம் முடிந்திருக்கும். அவனோ தன் வில்லை எடுத்து, சிநேகிதன் தப்பிப்போகும்படி அடையாளமாக அம்பு எய்தான். ஒருவனுடைய மறைவிடத்தை அறிந்தவன் அவனுக்காக இதையும் செய்யலாம்.

இந்த வாரத்துக்கு மூன்று காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன். உங்கள் வயலில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு இருந்தால், அதைச் சுற்றி முள்வேலியாவது போடுங்கள்; முடிந்தால் ஒரு தொட்டியில் தண்ணீர் ஊற்றி வையுங்கள். உங்களிடத்தில் கடன்பட்டிருப்பவர் எவராவது இந்தக் கோடையில் தவித்தால், அவர் கேட்பதற்கு முன்னே தவணையைத் தள்ளிக் கொடுங்கள். ஜெபக்கூட்டத்தில் கேட்ட விண்ணப்பத்தை முழங்காலில் மட்டும் திரும்பச் சொல்லுங்கள். மான் கூட்டத்தில் சில தலை குனிந்து நீருண்ணும்போது, மற்றவை தலை நிமிர்ந்து காவல் பார்க்கும். சபையும் அவ்வாறு இருக்கட்டும்.

அந்தச் சகோதரி இன்னும் பருத்திக் காட்டிலேதான் ஜெபிக்கிறார். ஆனால் இப்போது தனியாக அல்ல; அண்டை நிலத்தில் வேலை செய்யும் வேறொரு சகோதரியும் மதிய வேளையில் அவரோடு சேர்ந்துகொள்கிறார். இருவரும் அங்கே பேசிக்கொள்வது இன்னது என்று எனக்கு இதுவரை தெரியாது. அதற்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறேன்.

ஜெபம்: எங்கள் வழியையும் வேளையையும் குறையையும் அறிந்திருக்கிற ஆண்டவரே, அறிந்தும் எங்களுக்கு எதிராக வில்லை எடுக்காமல், எங்கள் கிணற்றருகே வந்து உட்கார்ந்தீரே, உமக்கு ஸ்தோத்திரம். பிறருடைய தாகம் எங்களுக்குத் தெரிய வரும்போது, அதைக் காக்கிறவர்களாக எங்களை நிலைநிறுத்தும். இந்தக் கோடையில் மனிதருக்கும் மிருகங்களுக்கும் மழையைக் கட்டளையிடும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்